இரண்டு முழ அகலம்

பாசி காயப்போட்ட களத்தில்
என் மூக்குத்தி விழுந்துவிட்டது.
பதினாறு மாசம் சீட்டுக் கட்டி
பாம்பன் கடைவீதியில் எடுத்தது. ஒற்றைக் கல்.
திருகாணி தளர்ந்து
முகம் துடைத்தபோது போயிருக்க வேண்டும்.

உடனே ஏழெட்டுப் பேர் இறங்கித் துழாவினார்கள்.
நம்புசெல்வி விளக்குமாற்றை எடுத்தாள்.
அவள் மகன் காலாலேயே கிளறினான்.

"நில்லுங்கோ."
கத்திச் சொன்னதில்லை. ஆனாலும் நின்றோம்.
"ஒருத்தரும் அசையாதேங்கோ.
வந்த அடியிலயே கால் வச்சுத்
திரும்பிப் போங்கோ."

துஷ்யந்தி. மண்டபம் முகாமிலிருந்து
நாள் கூலிக்கு வருகிறவள்.
படகுக்காரன் இறக்கிவிட்டுப் போன மணல்திட்டில்
கச்சான் காற்றுக்குள்
ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நின்று வந்தவள்.
தண்ணீர், கூலி, பஸ் நேரம்
இது தவிர எங்களிடம் எதுவும் பேசியதில்லை.

நாலு குச்சி கேட்டாள். கயிறு கேட்டாள்.
இரண்டு முழ அகலத்துக்குப் பாதை கட்டி
அதன் வாசலில் மண்டியிட்டாள்.
முன்னால் குறுக்காக ஒரு மூங்கில் கழி:
கழிக்கு இந்தப் பக்கம் பார்த்தாகிவிட்டது,
அந்தப் பக்கம் இல்லை.

பாறையில் பாசி பறிக்க
விரலில் துணி சுற்றிக்கொள்வோம் நாங்கள்.
அவள் சுற்றியிருந்ததைப் பிரித்து எறிந்தாள்.
தோல் வேண்டுமாம்.

என் சோற்றுக் கரண்டியை வாங்கி
ஓலைக் கூரை சாய்கிற அளவுக்குச் சாய்த்து
மணலின் பக்கவாட்டில் நுழைத்தாள்.
"மேலால குத்தினா அதின்ர தலையில படும்.
விலாவில தொட்டா பேசாமக் கிடக்கும்."
எது என்று யாரும் கேட்கவில்லை.
இங்கே கண்ணிவெடி என்போம்.
மிதிவெடி என்றாள் அவள்.
முகமாலையில் ஆறு வருசம்
அதை எடுத்துத்தான் அடுப்பு எரிந்ததாம்.

சோடா மூடி.
தூண்டில் முள்.
பேட்டரிக் கரி.
யாருடைய கொலுசோ, ஒரே ஒரு மணி.
ஒவ்வொன்றுக்கும் அதே கால் மணி நேரம்,
அதே அடக்கிய மூச்சு.
"அங்க ஒரு வெடிக்கு முந்நூறு ஆணி வரும்.
இதுவும் ஆணிதான் என்டு
ஒருத்தி கெதியா இழுத்தவள்."
பேரையும் சொன்னாள்.
காற்றில் எனக்குப் பிடிபடவில்லை.

நாலு மணிக்கு லாரி வந்துவிடும்.
பாசியைப் புரட்டிப்போட ஆளில்லை.
மூக்குத்தி போனால் போகுது, எழுந்திரு என்று
நானே சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.
கழியை விரற்கடை அளவு
முன்னால் நகர்த்தினாள்.

கழி எட்டு முழம் போயிருக்கும்.
கரண்டியை வைத்துவிட்டாள்.
காய்ந்த மரிக்கொழுந்துப் பாசியில் ஒரு கொத்து எடுத்து
குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியைப் போல
மணலை ஒதுக்கினாள்.
கல் வெயிலைப் பிடித்தது.

அவள் அதை எடுக்கவில்லை.

தலையிலிருந்த சிவப்பு நாடாவை உருவி
குச்சியில் கட்டி அருகில் நட்டாள்.
பிறகு பின்னாலேயே, திரும்பாமல்,
முழங்காலால் ஊர்ந்து வெளியே வந்து
பாலத்துப் பக்கம் பார்த்தாள்.
"கண்டாச்சு. எடுக்க வேற ஆக்கள் வருவினம்."

யாரும் சிரிக்கவில்லை.
யார் வருவார்கள் என்று
நாங்களும் பாலத்துப் பக்கம் பார்த்தோம்.
மீன் வண்டி ஒன்று போனது.
நம்புசெல்வியின் மகன் ஓடப்போனான்.
அவன் சட்டையை அவள் பிடித்த பிடியில்
ஒரு பொத்தான் தெறித்து மணலில் விழுந்தது.
அவள் கண் அங்கே போய் நின்றது.

லாரி ஆரன் அடித்தது.
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
கயிற்றுக்குள்ளேயே,
அவள் முழங்கால் பதிந்த குழிகளில்
என் முழங்காலை வைத்து
என் மூக்குத்தியை எடுக்கப் போனேன்.